கை எட்டும் கோடு

எங்கள் வீட்டுச் சுவர்களில், எல்லா அறைகளையும் சுற்றிக்கொண்டு, ஒரு பென்சில் கோடு ஓடுகிறது. வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. கவனித்த ஒரே ஆள், மின்விசிறி மாட்ட ஏணியில் ஏறிய எலக்ட்ரீஷியன்.

"தண்ணி நின்ன அடையாளமா சார்?" என்று கேட்டார்.

"ஆமாங்க, வெள்ளம்," என்றார் என் கணவர். "இருபது வருஷம் ஆச்சு, இன்னும் வடியல."

என் கணவர் டைல்ஸ் போடுகிறவர். மட்டம் பார்ப்பதற்காகத் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப் ஒன்றை எப்போதும் வண்டியில் சுருட்டி வைத்திருப்பார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே புள்ளி வைத்துக்கொண்டே போனால், வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேரும். ஒரு நூல் பிசகாது.

நான் வேலை செய்வது, ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குடுவைகள் ஊதித் தரும் பட்டறையில். கழுத்து ஒரு மயிரிழை கோணினாலும் ஆய்வகத்தார் வாங்க மாட்டார்கள். அப்படிக் கழித்துப் போட்டவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கள் மகன் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய மாதம், அலமாரியில் இருந்த ஒன்றை இழுத்து உடைத்தான். உள்ளே சுருள் சுருளாகக் குழாய் ஓடும் குடுவை. மூன்று நாள் வேலை. அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன்.

"அவன் என்ன பண்ணுவான்?" என்றார் கணவர். "கை எட்டுற இடத்துல வச்சது யாரு?"

அன்று போட்டதுதான் முதல் கோடு. மகனைச் சுவரோடு நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, நடுவிரல் நுனி எட்டிய இடத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து வீடு முழுக்க. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் பிள்ளைகளுடையது. எது உடைந்தாலும் திட்டு கிடையாது. மேலே இருப்பது எங்களுடையது. அதை அவர்கள் தொடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் மகனின் பிறந்த நாள் காலையில் அவன் கையை உயர்த்துவான். புதிய புள்ளி, புதிய கோடு, பழையதை அழித்துவிடுவோம். நான்கு வருடம் கழித்துப் பிறந்த மகளும் அந்தக் கோட்டுக்குள்ளேயேதான் வளர்ந்தாள்.

மகள் அண்ணனை 'ஒட்டகம்' என்பாள். அவளை வீடே 'வாலு' என்றுதான் கூப்பிடும். ஒட்டகம் பதினைந்து வயதில் கையைத் தூக்கி ஏழடியை எட்டிவிட்டான். அத்தோடு கோடு நின்றது. ஏழடிக்கு மேல் எங்களுக்கு மிஞ்சியது பரணும் மின்விசிறியும்தான். என் குடுவைகள் எல்லாம் செய்தித்தாள் சுற்றிப் பரணில் கிடந்தன.

போன வருடம் ஒட்டகத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கிறான். வாரம் ஒரு போன் செய்வான். இரண்டு நிமிடம் தாண்டாது. வாலுவும் இந்த வருடம் கல்லூரி விடுதிக்குப் போவதாக இருந்தாள். அதற்குப் பத்து வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூனைப் படம் போட்ட பிளாஸ்டிக் டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே, முனை இடிக்காமல் இருக்க ரப்பர் ஒட்டிய மேசை. பேனா மையில் மீசை வரைந்த சோபா. எனக்கு நாற்பத்தாறு வயது.

"எனக்கு என் வீடு வேணும்," என்றேன்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இது யார் வீடு பின்ன?"

"ஏழடிக்குக் கீழ நமக்கு ஒண்ணுமே இல்ல. பிள்ளைங்க போனப்புறம் இந்த டம்ளரோட நான் தனியா உக்காந்திருக்க மாட்டேன்."

"ஈரத்துணி வச்சு ஒரு இழுப்பு இழுத்தா கோடு போச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு நீட்டி முழக்குற?"

நான்தான் வேண்டாம் என்றேன். அது என் தொழில் புத்தி. ஊதி முடித்த கண்ணாடியைச் சட்டென்று காற்றில் வைக்கக் கூடாது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இறுக்கம் நின்றுவிடும். மூன்றாம் நாள், யாரும் தொடாமலே, மேசை மேல் இருந்தபடி விரிசல் விடும். அதனால் ஆற்றும் அடுப்பில் வைத்துச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். வீடும் அப்படித்தான் என்று நினைத்தேன். வாரம் ஒரு சாண் கோட்டை இறக்குவோம். வாலு விடுதிக்குப் போகிற வாரம் அது தரைக்கு வந்துவிடும். யாருக்கும் எதுவும் சட்டென்று உறைக்காது.

"மட்டம் பார்த்துதான் இறக்கணும்," என்றார் அவர். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் துணியை நனைத்திருப்பார்கள்.

முதல் வாரம் ஆறேகால் அடி. பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, குடுவைகளைக் கழுவி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். காலை வெயில் அவற்றின் வழியாகச் சுவரில் விழுந்து ஆடியது. பூனை டம்ளர்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன்.

"என்னம்மா இது, வீடு ஆஸ்பத்திரி லேப் மாதிரி இருக்கு," என்றாள் வாலு. "எப்ப ரத்தம் எடுப்பீங்க?"

இரண்டாம் வாரம் ஐந்தரை அடி. மேசை முனைகளில் இருந்த ரப்பரை உரித்தேன். சோபாவுக்குச் சாம்பல் நிறத்தில் புதிய துணி. அந்த வாரம்தான் வாலு, தலையை விரித்துப் போட்டபடி வந்து, "அம்மா, அந்தச் சீப்ப எடுத்துக் குடேன்," என்றாள். சீப்பு அலமாரியின் இரண்டாம் தட்டில், அவள் தலைக்குச் சற்று மேலே இருந்தது. என்னைவிட இரண்டு அங்குலம் உயரமான பெண்.

"ஏன், கைய வாடகைக்கு விட்டிருக்கியா?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் நாலே முக்கால் அடி. விடுதிப் படிவத்தை நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியதைப் பார்த்தேன். எழுத்துகள் கட்டத்தை விட்டு வெளியே வந்து, பெரிது பெரிதாக, உருண்டையாக நின்றன. அவசரத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதே வாரம் ஒட்டகம் தினமும் போன் செய்யத் தொடங்கினான்.

"என்னடா, என்ன விஷயம்?"

"சும்மாதாம்மா." அவன் அரை மணி நேரம் பேசினான். அறை ஜன்னலில் வந்து உட்காரும் புறாவைப் பற்றி. கீழ்வீட்டு நாயைப் பற்றி. வைக்கும்போது, "நீ எப்பம்மா வருவ?" என்றான்.

வழக்கமாக, அவன் எப்போது வருவான் என்று நான்தான் கெஞ்சிக் கேட்பேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்த முகத்தோடு இருந்தேன் என்று கணவர் சொன்னார்.

நான்காம் வாரம் நாலடி. வியாழக்கிழமை மழை மூட்டம். பட்டறையில் இருந்து நான்கு மணிக்கே வந்துவிட்டேன். வீடு இருண்டிருந்தது. வாலு தன் அறையில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லைட்டப் போட என்ன கேடு?"

"எட்டல," என்றாள்.

"விளையாடாதடி. எழுந்து போடு."

எழுந்தாள். சுவிட்ச் அவள் தோளுக்கு நேராக இருந்தது. கையைத் தூக்கினாள். கோட்டின் உயரத்துக்கு வந்ததும் கை நின்றது. சும்மா நிற்கவில்லை, கண்ணாடித் தட்டு ஒன்றை அடியில் இருந்து தொடுவதுபோல விரல்கள் மேல்நோக்கி மடங்கி, நுனிகள் அழுந்தி வெளுத்தன. நான் அந்த இடத்தில் கையை வீசிப் பார்த்தேன். வெறும் காற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். போகவில்லை. அவள் எதிர்க்கவில்லை, எதிர்ப்பு அவளிடம் இல்லை, காற்றில் இருந்தது.

"வலிக்குதும்மா."

விட்டுவிட்டேன். விளக்கை நானே போட்டேன். அவள் கண்ணைச் சுருக்கிச் சிரித்து, "வந்திடுச்சு," என்றாள்.

நான் கூடத்துச் சோபாவில் வந்து உட்கார்ந்தேன். அவள் வந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். அந்தத் தலை கனக்கவில்லை. பார்த்தால் பதினெட்டு வயதுப் பெண். தொடையில் இறங்கிய எடையோ பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் இருந்து போனது. தன் கை நாலடியை எட்டிய வயதில் அவள் இப்படித்தான் படுப்பாள், கட்டை விரலை என் புடவை நுனியில் சுற்றிக்கொண்டு. இப்போதும் சுற்றினாள்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கோட்டைப் பிள்ளைகளின் கையை வைத்து ஏற்றினோம். இறக்கும்போது அவர்கள் கையும் கூடவே இறங்குகிறது. கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அவர்களின் வயது.

அன்றே கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் கடைத்தெருவுக்குப் போகும்போது வாலு என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த இரண்டு பையன்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை, நடைபாதைக் கற்களின் இடுக்கை மிதிக்காமல் நடப்பதில் குறியாக இருந்தாள். இரண்டு வருடமாக என்னிடம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிய பெண். 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா' என்று நாளைக்கு நாலு தடவை சொன்ன பெண். இப்போது, "வானம் எங்கம்மா முடியுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம்பினாள்.

சனிக்கிழமையும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, கணவர் டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"பொண்ணு ஏன் தட்டத் தரையில வச்சு சாப்பிடுறா? மேசைக்கு என்ன வந்துச்சு?"

"அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்காம்."

"காலேஜ் போற பொண்ணு. நேத்து எங்கிட்ட வந்து, அப்பா யானை மாதிரி நடந்து காட்டுங்கறா."

"நடந்தீங்களா?"

"நடந்தேன்," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. பிறகு டியூப்பின் முனையை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு இறக்கலாமா, வேணாமா?"

இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் முனையை வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு சாண். ஒரே ஒரு வாரம். அடுத்த ஞாயிறு ஏற்றிவிடலாம்.

"இறக்குங்க," என்றேன்.

மூன்றேகால் அடி. கடைசிச் சுவரில் கோடு வந்து சேர்ந்ததும், அவர் பென்சிலைக் காதில் செருகினார். கூடத்தில் நின்று பொம்மைபோலக் கையை ஆட்டிக்கொண்டிருந்த வாலு, அப்படியே தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கச் சொல்கிறாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

போன் அடித்தது. ஒட்டகம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா." குரல் மட்டும் ஆணின் குரல், சொல் வந்த விதம் வேறு. "அம்மா, பால் பொங்குது."

"அடுப்ப அணைடா."

"எட்டல."

கணவர் திரும்பினார்.

"மேடை உசரமா இருக்கு. கை போக மாட்டேங்குது. நெருப்பு அணைஞ்சிடுச்சும்மா, ஆனா 'உஸ்'னு சத்தம் வருது. நாத்தமா இருக்கு."

"கதவத் திற!" என்று கத்தினார் கணவர். "வெளிய போடா!"

"கைப்பிடி எட்டலப்பா."

"ஆறடி ஆளுடா நீ!"

மறுபக்கம் அழுகை. இருபத்திரண்டு வயது ஆண் அழுவதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. இது அதுவும் இல்லை. மூச்சை இழுத்து இழுத்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாத அழுகை.

"ஜன்னல்?" என்றேன்.

"மூடியிருக்கு. புறா வெளிய இருக்கு."

நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வாக்கியம்தான் இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. 'எப்போதிலிருந்து தெரியும்' என்று கேட்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. பரணுக்கு வைத்த ஏணியைச் சுவரோரம் இழுத்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, மட்டமும் பார்க்காமல், ஏழடியில் சுவரின் நீளத்துக்கும் ஒரு கோட்டைக் கிழித்தார்.

"இப்ப? இப்ப எட்டுதா?"

"எட்டலப்பா."

தடுமாறி இறங்கி வந்தார். வாலுவின் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது மூன்றேகால் அடியில் நின்றது. அவள் வீலென்று அலறினாள்.

"விடுங்க," என்றேன். "நாம தூக்கினா போகாது. எல்லாப் பிறந்த நாளும் அவனேதான் கைய நீட்டினான்."

கோட்டை இறக்க எங்கள் பென்சில் போதுமாக இருந்தது. ஏற்ற, அவர்களுக்கே கை நீட்டத் தோன்ற வேண்டும்.

போனை வாலுவின் முகத்துக்கு எதிரே பிடித்தேன். "யாரு பேசுறா பாரு."

"ஒட்டகம்," என்றாள். முகம் மலர்ந்தது. பிறகு அவன் அழுவது காதில் விழுந்தது, மலர்ச்சி போய்விட்டது. "ஏன் அழுறான்?"

"நீயே கேளு. வாங்கிக்கோ."

அவள் கையை நீட்டினாள். நான் போனைக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நகர்த்தினேன். அவள் விரல்கள் கோட்டில் முட்டி நின்றன.

"குடும்மா."

"வாங்கிக்கோ."

"ஒட்டகம் அழுறான். குடு!"

போனுக்குள் அவன் இருமினான். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கை மேலே வந்தது. முட்டியது. ஊதுகுழாயின் முனையில் இறுகி நிற்கும் கண்ணாடி, சூடு ஏறியதும் ஒரு கணத்தில் இளகிக் கொடுக்கும். அதுபோல அந்த இடம் கொடுத்தது. விரல் மேலே போனது.

"புள்ளி வைங்க," என்றேன்.

கணவர் அவள் விரல் நுனிக்குப் பக்கத்தில், சுவரில், பென்சிலை வைத்தார். நான் போனை உயர்த்தினேன். அவள் விரல் தொடர்ந்தது. பென்சில் தொடர்ந்தது. மூன்றரை. மூன்றே முக்கால். எனக்குக் கை வலித்தது. நாலடிக்கு வந்தபோது போனுக்குள் உலோகச் சத்தம் கேட்டது.

"அணைச்சுட்டேன்," என்றான். ஓடும் காலடி. கதவு சுவரில் மோதும் ஓசை. "திறந்துடுச்சும்மா. வெளிய வந்துட்டேன். படியில நிக்கிறேன்."

கணவர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு மூச்சு விட்டார். பென்சில் சுவரை விட்டு விலகியது. "போதும்ல?" என்றார். "காப்பாத்தியாச்சு."

வாலு இன்னும் கையை நீட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர்க் கோடு. நாலு வயது. நம்புகிற வயது. போனை அவள் கையில் கொடுத்தால் அவள் அண்ணனிடம் நாய் குட்டி போட்டதா என்று கேட்பாள். ராத்திரி என் பக்கத்தில் படுப்பாள். அவனும் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு, தினமும் கூப்பிடுவான். நாலடியில் ஆபத்து ஒன்றும் இல்லை. கைப்பிடி எட்டும். அடுப்பு எட்டும். அத்தனை வருடத்தையும் இங்கேயே, இந்தக் கூடத்திலேயே, பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், கையை இறக்கினால் போதும்.

"பென்சில எடுங்க," என்றேன். ஏணியின் முதல் படியில் ஏறினேன்.

"அம்மா!" அவள் குரலில் ஏமாற்றம். "நீ தரேன்னு சொன்ன."

"வாங்கிக்கோடி. எட்டி வாங்கு."

நாலே முக்கால். ஐந்து. அவள் அழுவதை நிறுத்தினாள். முகத்தில் ஏதோ ஒன்று மூடியது. எனக்குத் தெரிந்த கதவு அது. அடுத்த படி. ஐந்தரை. "என்ன விளையாட்டு இது?" என்றாள், எரிச்சலோடு. கணவர் பென்சிலைச் சுவரில் இழுத்துக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கோணல் கோடு போட்டார். ஆறு. ஆறரை. அடுத்த படி. ஏழடியில் அவள் எம்பி, என் கையில் இருந்து போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏம்மா, லூசா நீ? ஏணில நின்னுக்கிட்டு போனத் தூக்கிக் காட்டுற?" போனைக் காதில் வைத்தாள். "டேய் ஒட்டகம், என்னடா பண்ற?"

ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை. மறுபக்கம் ஒரு செருமல். "வாலுவா? தெரியலடி, படிக்கட்டுல நிக்கிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். அம்மா எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"யாருக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு."

"சரி, வேலை இருக்கு. அடுத்த வாரம் பேசுறேன்னு சொல்லு."

அவள் போனைச் சோபாவில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏணியில் இருந்து இறங்கவில்லை. கணவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா தெரியும்," என்றேன்.

"ம்," என்றார். ஏணியை விடாமலே, "நானும் யானை மாதிரி நடந்தேனே, இப்படியே இருக்கட்டும்னு எனக்கு மட்டும் தோணாமலா இருந்திருக்கும்?" என்றார்.

அன்று மாலையே, வாலுவின் விரல் தொட்ட புள்ளியில் இருந்து, டியூப் பிடித்து வீடு முழுக்கக் கோட்டைச் சுற்றி முடித்தோம். கீழே இருந்தவற்றைத் துடைத்தோம். ஐந்து வாரம் கழித்து அவள் விடுதிக்குப் போனாள். பேருந்து நிறுத்தத்தில், 'போதும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க' என்று என் கையை விலக்கினாள்.

இப்போது குடுவைகள் எல்லா உயரத்திலும் இருக்கின்றன. மேசையில், ஜன்னலில், தரையோரப் பலகையில்கூட. எதுவும் உடைவதில்லை. சாம்பல் நிறச் சோபாவில் சுருக்கம் இல்லை. கணவர் வேலைக்குக் கிளம்பும்போது டியூப்பையும், வீட்டில் இருக்கிற எல்லாப் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு போகிறார். நான் சொல்லித்தான். ஞாயிறு பதினொரு மணிக்கு என்னால் சுவருக்குப் பக்கத்தில் நிற்க முடிவதில்லை.

நேற்று மதியம் வீட்டில் தனியாக இருந்தேன். கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். விலகியபோது பார்த்தேன்: என் இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மட்டமாக இருந்தது. என் சுட்டுவிரல் நகத்தின் அடியில் வெள்ளை.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. வாலு.

"என்னடி?"

"சும்மாதாம்மா," என்றாள்.

ஒட்டகம் அன்று சொன்ன அதே சொல். அதைக் கேட்ட சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"உன் ரூம் கதவுக் கைப்பிடி எட்டுதா?" என்று கேட்டேன்.

"என்னம்மா கேள்வி இது?" சிரித்தாள். சிரித்தாளே தவிர, நாற்காலி நகர்ந்த சத்தமும், அவள் எழுந்து நடந்து போகிற சத்தமும் கேட்டன. சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கைப்பிடி திரும்பியது.

"எட்டுது. ஏன், எட்டாதா?"

"எட்டணும்," என்றேன்.

போனை வைத்துவிட்டு, ஈரத்துணியால் கீறலைத் துடைத்தேன், போகவில்லை. சுவரை அப்படியே விட்டுவிட்டு நகவெட்டியைத் தேடினேன்.